பூத்த பிறகுதான் பெயர் தெரிந்தது

மதுரையில் என் வீட்டு மொட்டை மாடியில், கிழக்குச் சுவரோரம் மூன்று தொட்டிகள் மூன்று வருடம் பெயரில்லாமலே இருந்தன. 2017ல் வேறு வேறு இடங்களிலிருந்து வந்தவை. மூன்றிலும் இலை கிடையாது. விரல் பருமனில் பட்டை பட்டையாகப் பச்சைத் தண்டுகள் மட்டும். முதலாவது நர்சரியில் வாங்கியது, பையில் ‘கேக்டஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். இரண்டாவது தபாலில் வாங்கியது. ‘ஸ்டபீலியா, அரிய வகை’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மூன்றாவது, காரியாபட்டிப் பக்கம் அத்தை வீட்டுப் புஞ்சையில் வேலி ஓரம் புதராகக் கிடந்ததில் ஒடித்து வந்த ஒரு துண்டு.

மூன்றும் நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால் ஒன்றுகூடப் பூக்கவில்லை. பூக்காத வரைக்கும் இந்த மாதிரிச் செடிகளுக்கு உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. பெயர் தெரியாமல், அது எந்த மண்ணில் எந்த மழைக்குப் பழகியது என்று தெரியாது. அது தெரியாமல் பூக்க வைக்கவும் முடியாது. எங்கே தொடங்குவது என்று புரியாமல் நெடுநாள் நின்றேன். கடைசியில் தண்டை உற்றுப் பார்ப்பதில்தான் தொடங்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் சதையும் முள்ளுமாக எது நின்றாலும் கள்ளிதான். ஆனால் சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் ஒரு குடும்பம், சப்பாத்திக்கள்ளி முற்றிலும் வேறு குடும்பம். சதுரக்கள்ளியைக் கீறினால் வெள்ளையாகப் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியில் பால் வராது. அதன் முட்கள் பஞ்சு மெத்தை மாதிரியான ஒரு புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்தப் பஞ்சுப் புள்ளி இருந்தால்தான் அது உண்மையான கேக்டஸ். என் மூன்று செடியிலும் ஊசி முனையால் லேசாகக் குத்திப் பார்த்தேன். தண்ணீர் மாதிரித் தெளிவான சாறு. பஞ்சுப் புள்ளியும் இல்லை. பட்டைகளின் விளிம்பில் பற்கள் இருந்தன, ஆனால் குத்தவில்லை, தொட்டால் வளைந்தன. (குத்திப் பார்ப்பவர்கள் கண்ணைத் தொடாமல் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.)

ஆக கள்ளியும் இல்லை, கேக்டஸும் இல்லை. பிரண்டையோ என்ற சந்தேகம் சில நாள் இருந்தது, அதற்கும் நான்கு பட்டை உண்டே. ஆனால் பிரண்டை கணுக் கணுவாக ஒடியும், பற்றுக்கம்பி விட்டு ஏறும். இவை இரண்டும் செய்யவில்லை. பிறகு தெரிந்தது: இவை எருக்கு இருக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவை. எருக்குக்கு அவ்வளவு பால், இவற்றில் ஒரு சொட்டுப் பால் இல்லை. பூவையும் காயையும் பார்த்தால்தான் உறவு தெரியும். இந்தக் கூட்டத்துக்குப் பொதுவாக ஸ்டபீலியா வகைகள் என்று சொல்கிறார்கள்.

அதற்குமேல் பிரிக்க, பட்டைகளை எண்ணினேன். அதுவரை எண்ணிக்கூடப் பார்க்காமல் எல்லாம் நான்கு என்றே நினைத்திருந்தேன். நர்சரிச் செடிக்கு நான்கு பட்டை. தண்டு முழுக்கப் பொடி மயிர், தடவினால் வெல்வெட் துணி மாதிரி. தபாலில் வந்ததற்கு ஐந்து பட்டை. தண்டு குட்டை, வழவழப்பு, பற்கள் மட்டும் நீளம். அத்தை ஊர்ச் செடி நான்கு பட்டைதான், ஆனால் மேலே போகப் போக மெலிந்து எலிவால் மாதிரி முடியும். கைபேசியில் படம் எடுத்துப் பெயர் கேட்பதைவிட இப்படி எண்ணிக் குறித்து வைத்தது எனக்கு எவ்வளவோ உதவியது. பூ இல்லாத தண்டின் படத்துக்கு அந்தச் செயலிகள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் சொல்லின.

2019 சித்திரையில் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். மாடியில் வடகம் காயப்போட வந்தவர் மூன்றாவது தொட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“ஏத்தா, இதையா தொட்டியில வச்சுத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்க? இது கள்ளிமுளையான்ல. ஆடு மேய்க்கப் போகையில ஒடிச்சு, பட்டையச் சீவிட்டு உப்பத் தொட்டுத் திம்போம். பசியும் தெரியாது, தாகமும் தெரியாது. தொவையலும் அரைப்பாக.”

“பூவே வர மாட்டேங்குது அத்தை” என்றேன்.

“தெனம் ஊத்துனா எப்பிடி பூக்கும்? அது கல்லு இடுக்குல, முள்ளுச்செடி அடியில கெடக்கும். கோடையில சுருங்கிக் கயிறு மாதிரி ஆயிரும். ஒரு மழை விழுகணும், அப்புறம் பாரு.”

இரண்டு வருடம் நான் படித்த எதிலும் கிடைக்காதது அந்த நான்கு வரியில் இருந்தது.

நான் என்ன தவறு செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சதைப்பற்றுச் செடி வளர்க்கிற பலரும் இதையே செய்கிறார்கள். ஆங்கிலத்தில் இருக்கும் வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் தங்களுக்காக எழுதியவை. குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்து, 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள், வசந்தம் வந்ததும் ஊற்றத் தொடங்கு என்று இருக்கும். நான் அப்படியே மார்கழியிலும் தையிலும் செடியைக் காயப்போட்டேன். மதுரையில் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். செடிக்கு அது குளிரே இல்லை, நன்றாக வளரக்கூடிய பருவம். அதைப் பட்டினி போட்டுவிட்டு, பங்குனியில் வசந்தம் என்று நினைத்து ஊற்ற ஆரம்பித்தேன். சித்திரை, வைகாசியில் மாடித் தளம் சுடுகிற சூட்டில், ஈர மண்ணுக்குள் வேர் வெந்தே போயிருக்கும்.

அத்தை வந்துபோன அடுத்த மாதமே அதற்கு விலை கொடுத்தேன். வெல்வெட் தண்டுச் செடியில் ஒரு தண்டின் அடியில் மிளகு அளவில் கறுப்புப் புள்ளி. வெயில் பட்ட தழும்பு என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அந்தத் தண்டு அடியோடு சாய்ந்தது. இரண்டு வாரத்தில் பாதித் தொட்டி போய்விட்டது. இதுதான் கருப்பு அழுகல், இந்தக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை தண்டின் நடு நரம்பு வழியே ஏறும். வெளியே பச்சையாக இருக்கும்போதே உள்ளே பழுப்பாகியிருக்கும்.

காப்பாற்றிய விதத்தைச் சொல்கிறேன். செடி முழுவதையும் பிடுங்கி மண்ணை உதறினேன். ஒவ்வொரு தண்டையும் மேலிருந்து வெட்டி, வெட்டுவாயைப் பார்த்தேன். நடுவில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் ஒரு அங்குலம் மேலே போய் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் பிளேடை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாமே நோயைப் பரப்புவோம். உள்ளே சுத்தமான பச்சை தெரியும் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, வெட்டுவாயில் பூஞ்சைக்கொல்லித் தூள் தொட்டு, நிழலில் தினசரித் தாள் மேல் ஒரு வாரம் போட்டு வைத்தேன். வெட்டுவாய் தோல் கட்டிக் காய்ந்த பிறகு புது மண்ணில் படுக்க வைத்தாற்போல் நட்டேன். பழைய மண்ணை மறுபடி பயன்படுத்தவில்லை. தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் போட்டேன். பதினோரு துண்டில் ஏழு பிழைத்தது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஸ்டபீலியாக்கள் அதிகம் இருப்பது ஆப்பிரிக்காவின் தென்பகுதியில். அங்கேயும் ஒரே மழை இல்லை. கேப் டவுன் பக்கம் குளிர்காலத்தில் மழை. கிழக்கிலும் வடகிழக்கிலும் கோடையில் மழை, குளிர்காலம் வறட்சி. வெல்வெட் தண்டுக்காரி அந்தக் கோடைமழைப் பகுதியில் நிறைய இருப்பவள். அவளுக்கு வேண்டியது இதுதான்: ஒரு வறண்ட ஓய்வு, பிறகு சூடான காலத்தில் மழை, அதில் புதுத் தண்டு, மழைக்காலம் முடியும் தருவாயில் பூ. ஓய்வு குளிரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வறட்சியாக இருந்தால் போதும். நம் கள்ளிமுளையானுக்கு அந்த ஓய்வு கோடையிலேயே கிடைக்கிறது. மூன்றுக்கும் ஒரே நாட்காட்டி போதும் என்று முடிவு செய்தேன், அதுவும் தமிழ் மாத நாட்காட்டி.

பங்குனி நடுவிலிருந்து ஆனி முடியும் வரை ஓய்வு. மேலே 50 சதவீத நிழல்வலை. பதினைந்து இருபது நாளைக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்த பிறகு, மண்ணின் மேல்பகுதி நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர். தண்டு சுருங்கும், நிறம் சிவப்போடும். கை தானாகக் குவளையைத் தேடும், ஊற்றக் கூடாது. ஆடியில் தொட்டி மாற்றுவது, பழைய மரத்துப்போன தண்டுகளை வெட்டிப் புதுத் துண்டு நடுவது. பூமொட்டு பெரும்பாலும் புதுத் தண்டின் அடிப்பகுதியில்தான் வருகிறது என்பதால், வெட்டப் பயப்படக் கூடாது. ஆவணியில் மாலை இடிமழை தொடங்கியதும் தொட்டி அடியில் வழியும்வரை ஊற்றுவது, முழுக்கக் காய்ந்த பிறகு மறுபடி ஊற்றுவது. அப்போது வாரம் ஒருமுறை, சில நேரம் இருமுறைகூட ஆகும். புரட்டாசியில் மொட்டு. ஐப்பசி அடைமழையில் மட்டும் தொட்டிகள் கூரைக்கு அடியில். இரண்டு மூன்று நாள் விடாமல் நனைந்தால் அதுவே அழுகலுக்கு அழைப்பு.

மண்ணைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். என் கணக்கு: கழுவிச் சலித்த கரடுமுரடான ஆற்று மணலோ எம்-சாண்டோ இரண்டு பங்கு, பட்டாணி அளவு உடைத்த செங்கல் ஒரு பங்கு, செம்மண் அரைப் பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் அரைப் பங்கு, ஒரு கைப்பிடி கரித்துண்டு. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதன் மாவு சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். தொட்டி மண்தொட்டியாக, ஆழம் குறைவாக, வாய் அகலமாக இருக்கட்டும். தண்டுகள் படர்ந்து தொடும் இடத்தில் வேர் விடும். காலை வெயில் நான்கு மணி நேரம் போதும், காட்டிலும் இவை புதர் நிழலில்தான் ஒதுங்கி இருக்கின்றன. உரமாக ஆவணியில் ஒருமுறை கொஞ்சம் எலும்புத்தூளும் அடுப்புச் சாம்பலும், வேறு ஒன்றும் இல்லை. தழைச்சத்து கூடினால் தண்டு கொழுத்துப் பளபளக்கும், பூக்காது, சீக்கிரம் அழுகும். கோடை ஓய்வில் மாவுப்பூச்சி வேரில் போய் ஒளிந்துகொள்ளும். எறும்பு வரிசை தொட்டிக்குள் இறங்கினால் சந்தேகப்பட்டுப் பிடுங்கிப் பாருங்கள்.

2020 புரட்டாசி. வெல்வெட் தண்டின் அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு மொட்டு. மூன்று வாரத்தில் அது காற்றடைத்த பை மாதிரி உப்பி, என் உள்ளங்கையை நிறைத்தது. அந்தச் சமயத்தில் தொட்டியை நகர்த்தவே கூடாது. முதல் மொட்டை வெயில் படட்டும் என்று திருப்பி வைத்தேன், மறுநாள் உதிர்ந்துவிட்டது. இது இரண்டாவது. ஒரு பிற்பகலில் ஐந்து மூலையும் பிரிந்து விரிந்தது. அளந்தேன், 27 சென்டிமீட்டர். இளமஞ்சள் நிறத்தில், பூ முழுக்கக் குறுக்கே மெல்லிய சிவப்புக் கோடுகள், விளிம்பில் வெள்ளை மயிர். ஸ்டபீலியா ஜைகான்டியா. 40 சென்டிமீட்டர் வரைகூட வரக்கூடிய பூ. மூன்று வருடம் ‘கேக்டஸ்’ என்று எழுதிய பைக்குள் இருந்தவளுக்கு அன்றுதான் பெயர் கிடைத்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வாடை உண்டு. பக்கத்து மாடியிலிருந்து அக்கா எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார். வந்து பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டே கால் மணி நேரம் நின்றார். இறைச்சி ஈக்களை வரவழைக்கத்தான் அந்த வாடையும், தோல் மாதிரியான நிறமும், மயிரும். ஈக்கள் ஏமாந்து பூ நடுவில் முட்டையிட்டே விடும். குஞ்சுப் புழுவுக்கு அங்கே உணவு கிடையாது, பூ காய்ந்ததும் அவையும் சாகும். ஈ நடமாடும்போது எருக்கம்பூவில் இருப்பது போலவே மகரந்தம் தூளாக இல்லாமல் சிறு பொதியாக அதன் காலிலோ வாயிலோ மாட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் அந்தப் பொதி சரியான பிளவில் செருக வேண்டும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும் பூவுக்குள் இவ்வளவு ஏற்பாடு.

ஐந்து பட்டைச் செடி அதே மாதம் சத்தமில்லாமல் பூத்தது. பூ மண்ணை ஒட்டி, தண்டின் காலடியில் ஒளிந்திருந்ததால் இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். நடுவில் அரக்குச் சிவப்பில் பளபளவென்று ஒரு தடித்த வளையம், சுற்றி மஞ்சளில் வரிக்குதிரை வரிகள். யாரோ மெழுகில் செய்து ஒட்டியது மாதிரி இருந்தது. முனைகளை எண்ணினேன்: பெரிய முனை ஐந்து, இரண்டு பெரிய முனைக்கு நடுவே ஒவ்வொரு குட்டி முனை, ஆக மொத்தம் பத்து. அந்தக் குட்டி முனைகள்தான் ஹூவர்னியாவின் அடையாளம். ஸ்டபீலியாவில் அவை இருக்காது. சீட்டில் இருந்த பெயர் தவறு. என்னிடம் இருந்தது ஹூவர்னியா ஜீப்ரினா.

இந்த இரண்டு பெயருக்குப் பின்னால் இருப்பவர்களைத் தெரிந்துகொண்டது தனி மகிழ்ச்சி. யுஸ்டஸ் ஹேர்னியஸ் என்ற டச்சுப் பாதிரியார் கிழக்கே பயணம் போகும் வழியில், 1624ல் நன்னம்பிக்கை முனையில் இந்தக் குடும்பத்துச் செடி ஒன்றைப் பார்த்து வரைந்தார். ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் போடியஸ் வான் ஸ்டாபல் அதை, பண்டைய கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸின் தாவர நூலுக்குத் தான் எழுதிய விளக்கங்களில் சேர்த்தார். அவர் 1636ல் இறந்த பிறகு, 1644ல்தான் நூல் வெளிவந்தது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அவர் நினைவாக ஸ்டபீலியா என்றார். பாதிரியாரை நினைத்து ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் வைத்த பெயரில் எழுத்து இடம் மாறி ஹூவர்னியா ஆகிவிட்டது, இன்றும் அப்படியே நிற்கிறது.

கள்ளிமுளையானுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. இந்தியாவில் வேலை பார்த்த தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ கோரமண்டல் கரைச் செடிகளைப் பற்றி 1795ல் எழுதத் தொடங்கிய நூலில் இதையும் ஸ்டபீலியா என்றே சேர்த்தார். கூடவே தெலுங்கு மக்கள் இதைச் சொல்லும் பெயரையும் தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார். அந்தச் சொல்லிலிருந்துதான் பிரவுன் கராலூமா என்ற பேரினப் பெயரை எடுத்தார். ஆடு மேய்ப்பவர்கள் வாயில் புழங்கிய சொல் அறிவியல் பெயராகியிருக்கிறது. இன்று அதன் சாறு பசியடக்கி, எடைகுறைப்பு மாத்திரை என்று விற்பனையாகிறது.

என் தொட்டியில் அது 2020 ஆவணியிலேயே, கோடை முழுக்கக் கயிறாகக் கிடந்து முதல் மழை வாங்கிய மூன்றாவது வாரத்தில் பூத்தது. எலிவால் மாதிரி மெலிந்த அந்த நுனிதான் பூக்காம்பு. அதில் வரிசையாக, தலைகுனிந்து, ஒரு விரல் நகம் அளவில் பழுப்புச் சிவப்புப் பூக்கள். உள்ளே மஞ்சள் வரி, இதழ் ஓரத்தில் மயிர். காற்றடித்தால் அந்த மயிர் துடிக்கும். பூத்து முடிந்ததும் நுனி காய்ந்துவிடும், நோய் என்று நினைத்து மருந்தடிக்க வேண்டாம். தண்டு முனையில் பந்து மாதிரிக் கொத்தாகக் கருஞ்சிவப்புப் பூ வந்தால் அது இதன் உறவான வேறொரு செடி. அதுவும் நம் வறண்ட குன்றுகளில் உண்டு.

இன்னும் சிலவற்றை முயன்றேன். மகாராஷ்டிராவில் சிவனேரி போன்ற சில இடங்களின் செங்குத்துப் பாறைகளில் மட்டும் வளரும் ஃப்ரேரியா இண்டிகா இந்தக் கூட்டத்தில் அதிசயம். மழைக்காலத்தில் முழு இலைகள் விடும், வறண்டதும் உதிர்க்கும். காட்டில் அழியும் நிலையில் இருந்தாலும் துண்டு நட்டால் எளிதாக வருகிறது, வளர்ப்பவர்களிடமிருந்து வாங்கலாம். இலை உதிர்ந்ததும் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். கூழாங்கல் மாதிரி இருக்கும் லித்தாப்ஸ் மட்டும் எனக்கு வரவில்லை. எங்கள் வெப்பமான இரவுகளில் ஆறு செடியும் போய்விட்டன, இனி வாங்கப் போவதில்லை.

2021 தையில் கள்ளிமுளையானில் காய் பிடித்திருந்தது. எருக்கு, வேலிப்பருத்தி போல இரட்டைக் கொம்பு. முற்றினால் ஒரு பக்கம் வெடித்துப் பஞ்சோடு விதை பறந்துவிடும் என்பதால், பழுப்பேறும்போதே நூலால் மூன்று இடத்தில் சுற்றிக் கட்டினேன். பழைய விதை முளைப்பது அரிது. எடுத்த உடனே, சலித்த மணலில் மேலாகத் தூவி, கண்ணாடித் துண்டு மூடி வைத்தேன். ஐந்தாம் நாள் முளைத்தது. கண்ணாடியை அன்றே எடுத்துவிட வேண்டும், புழுக்கத்தில் நாற்று சாய்ந்துவிடும்.

நான் துண்டு ஒடித்து வந்த அந்த வேலி இப்போது இல்லை. பக்கத்துக் காட்டை மனையாகப் பிரித்து விற்றபோது ஜேசிபி வந்து வேலியோடு எல்லாவற்றையும் வழித்துவிட்டது. அத்தையின் ஊரில் எஞ்சியது என் தொட்டியில் இருப்பது மட்டும்தான் என்று நினைக்கிறேன். போன ஆடியில் முப்பது கன்றுகளை எடுத்துக்கொண்டு போனேன். கொல்லையில் கருவேலமரத்துக்குக் கிழக்கே கல் அடுக்கி, இடுக்கில் மணல் நிரப்பி, அத்தையும் நானும் நட்டோம். தண்ணீர் ஊற்றப் போனேன், அத்தை கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

இந்தக் கோடையில் போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு கயிறாகச் சுருங்கிக் கிடந்தன, தொட்டால் உறுதியாக இருந்தன. ஆவணி மழைக்கு மறுபடி போக வேண்டும்.